பேசாத பிள்ளைகளின் குறிப்பேடு

வகுப்பில் ஒரு கேள்வி கேட்கிறோம். எப்போதும் கை தூக்கும் நான்கைந்து பேர் கை தூக்குகிறார்கள். அவர்களில் ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிடுகிறார். "புரிஞ்சுதா?" என்கிறோம். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே சேர்ந்து சொல்கிறது. அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். மீதி முப்பது பேருக்கு என்ன புரிந்தது, எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்பது தேர்வுத்தாள் வரும்வரை நமக்குத் தெரிவதில்லை.

இது நம் ஊர் வகுப்பறையில் மட்டும் நடப்பதன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது பதில்கள் நீண்டன. 'மெல்லக் கற்பவர்' என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். 1970களில் வெளிவந்த இந்த முடிவு நமக்கு ஒன்றைச் சொல்கிறது: பேசாத பிள்ளை தெரியாத பிள்ளை அல்ல. யோசிக்க நேரம் கிடைக்காத பிள்ளையாக இருக்கலாம். சிரிப்பார்களோ என்று அஞ்சும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

மூன்று விநாடி போதாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்படலாம். அந்த நேரத்தையும், மற்றவர் பார்வையில் படாத ஓரிடத்தையும் தருவதுதான் கற்றல் குறிப்பேடு.

கற்றல் குறிப்பேடு என்பது எது?

மாணவர் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, பாடத்தைப் பற்றித் தம் சொந்த வார்த்தையில் ஐந்தாறு வரி எழுதுகிறார். எது புரிந்தது, எங்கே குழம்பியது, வீட்டிலோ தெருவிலோ பார்த்த எது பாடத்தோடு ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று எழுதலாம். ஆசிரியர் அதைப் படித்து, கீழே இரண்டு வரி பதில் எழுதுகிறார். இது வீட்டுப்பாடமோ கட்டுரை நோட்டோ அல்ல. மதிப்பெண்ணும் கிடையாது. ஆசிரியரும் ஒரு மாணவரும் எழுத்தில் பேசிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டு உண்டு. பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில், சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்த பையன் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதக் கற்றான். அன்றன்றைய நடப்பு குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றுகூட்டி ஐந்தொகை எடுப்பார்கள். அந்தக் கணக்கும் கூடவே கடிதமும் ஊருக்கு வரும். ஊரில் இருந்த முதலாளி படித்துவிட்டு, இது என்ன, அது ஏன் என்று கேட்டு எழுதுவார். படிக்க ஓர் ஆள் இருந்ததால்தான் எழுதுகிறவரும் கவனமாக எழுதினார். யாரும் படிக்காத குறிப்பேடு இரண்டே வாரத்தில் வெறும் சடங்காகிவிடும். அது எனக்குப் பட்டபின்தான் தெரிந்தது.

சிவப்பு மை

காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 36 பேர். குறிப்பேடு தொடங்கிய முதல் வாரம் எல்லோரும் ஆர்வமாக எழுதினார்கள். நானும் ஆர்வமாகவே உட்கார்ந்தேன், கையில் சிவப்புப் பேனாவோடு. ஒற்றுப்பிழை, ற-ர மயக்கம், பேச்சுவழக்குச் சொல் என்று எதையும் விடாமல் வட்டமிட்டேன். கடைசியில் 'பிழை திருத்தி எழுதவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த வாரம் முக்கால்வாசிக் குறிப்பேடுகளில் ஒரே வாக்கியம்: 'பாடம் நன்றாகப் புரிந்தது. நன்றி ஐயா.' பிழையே இல்லை, பிள்ளையும் இல்லை. ஜன்னல் ஓரம் உட்காரும் ஒரு மாணவி, முதல் வாரம் ஒரு பக்கம் எழுதியவள், தொடர்ந்து மூன்று வாரம் அந்த ஒரு வரியையே எழுதித் தந்தாள். வகுப்பில் வாய் திறக்காத அவள் எழுத்திலாவது பேசட்டும் என்றுதான் இதையே தொடங்கினேன். அந்தக் கதவையும் நானே சாத்தியிருக்கிறேன்.

இதே முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சரியாகச் செய்த ஓர் ஆசிரியர் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆறாம் வகுப்பு எடுத்தவர் லெஸ்லி ரீட். அவருடைய மாணவர்கள் நாள்தோறும் குறிப்பேட்டில் அவருக்கு எழுதுவார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவார். 1979-80 கல்வியாண்டின் குறிப்பேடுகளை ஜானா ஸ்டேட்டன் என்ற ஆய்வாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் விரிவாக ஆராய்ந்தார்கள். 'உரையாடல் குறிப்பேடு' என்ற முறை கல்வி உலகில் பரவியது அதன்பின்தான். ரீட் பிழைகளை வட்டமிடவில்லை. மாணவர் தவறாக எழுதிய சொல்லையே தம் பதிலில் சரியாகப் பயன்படுத்திக் காட்டுவார். பதில் தேடி ஆவலோடு படிக்கும் பிள்ளையின் கண்ணில் சரியான வடிவம் தானாகவே படும்.

நானும் சிவப்புப் பேனாவை எடுத்து வைத்தேன். எல்லோர் குறிப்பேட்டிலும் ஒன்றை எழுதினேன்: 'இனி இதில் பிழை திருத்த மாட்டேன். போன தடவை செய்தது என் தவறு. வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.' அதற்கு அடுத்த வாரம் ஜன்னல் ஓரத்து மாணவி எழுதியது இது:

"சார், எங்கம்மா இட்லிக்கடை வச்சிருக்காங்க. இட்லிப்பானைல தண்ணி கொதிக்கிறப்ப கொப்புளம் கொப்புளமா மேல வருது. அதுக்குள்ள என்ன சார் இருக்கு? காத்துன்னா, அது எப்படித் தண்ணிக்குள்ள போச்சு?"

எழுத்திலிருந்து பேச்சுக்கு

இந்தக் கேள்விக்குக் குறிப்பேட்டிலேயே பதில் எழுதி முடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவள் ஒருத்திக்கு மட்டும் விடை கிடைத்திருக்கும். வகுப்பு பழையபடியே இருந்திருக்கும். அதனால் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுதினேன்: 'இந்தக் கேள்வியை நாளைக்கு வகுப்பில் கேட்கலாமா? உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.' 'சரி சார்' என்று எழுதினாள்.

மறுநாள் கரும்பலகையில் கேள்வியை எழுதிக் கை தூக்கச் சொன்னேன். பெரும்பாலோர் 'காற்று' என்றார்கள். சிலர் 'வெற்றிடம்' என்றார்கள். நீராவி என்று சொன்னவர்கள் மூன்று பேர். எப்போதும் கை தூக்கும் மாணவர்களிலும் இருவர் தவறான பக்கம் இருந்தார்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்தோம். சூடேறும்போது முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் வரும் சிறு குமிழிகள், நீரில் கரைந்திருந்த காற்று. நன்றாகக் கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகள் நீராவி. ஒருமுறை கொதிக்கவைத்து ஆறிய நீரை உடனே மறுபடி காய்ச்சினால், முதலில் வந்த சிறு குமிழிகள் குறைந்துபோவதையும் பார்க்கலாம். ஏன் குறைந்தன என்று நான் கேட்டபோது, "கரைஞ்சிருந்த காத்து முன்னாடியே போயிருச்சு சார்" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. அந்த ஆண்டில் அவள் வகுப்பில் பேசிய முதல் வாக்கியம் அது.

குறிப்பேடு வகுப்புப் பேச்சுக்குப் பதிலாக வைக்கும் ஒன்றன்று. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி. பிள்ளை எழுதிய கேள்வியை, அவர் ஒப்புதலோடு, வகுப்பின் கேள்வியாக்க வேண்டும். தன் கேள்விக்காக ஒரு பாடவேளையே செலவானதைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை கை தூக்கத் தயங்குவது குறைகிறது.

இணையம் எங்கே உதவும்?

கல்லூரிகளில் இதையே இணைய வழியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் கிரெகர் நோவாக் என்ற இயற்பியல் பேராசிரியரும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். வகுப்பு தொடங்கச் சில மணி நேரம் முன்பே மாணவர்கள் ஓரிரு கேள்விகளுக்கு இணையத்தில் எழுதி அனுப்பிவிடுவார்கள். பேராசிரியர் அவற்றைப் படித்து, எங்கே குழப்பம் இருக்கிறதோ அங்கிருந்து அன்றைய வகுப்பைத் தொடங்குவார். பெரிய வகுப்பில் பின்வரிசையில் இருப்பவரின் எண்ணமும் முன்னுக்கு வர இது வழிசெய்தது. நாளை கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள், தமக்குப் புரியாததை வெட்கமின்றி எழுதிக் கேட்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே பெற்றுவிட்டால் அங்கே தடுமாற மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு முதல் இதை இணையத்தில் செய்யலாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வாரம் ஒரு பாடவேளையில் இருபது நிமிடம் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி இணைய ஆவணம் ஒன்றைத் தொடங்கி, அந்த மாணவரும் ஆசிரியரும் மட்டுமே பார்க்கும்படி வைக்க வேண்டும். இதில் சில நன்மைகள் உண்டு. 36 நோட்டுகளைச் சுமக்க வேண்டாம். ஜூனில் எழுதியதையும் ஜனவரியில் எழுதியதையும் மாணவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரைந்த படத்தைப் புகைப்படமாகச் சேர்க்கலாம். தமிழ் தட்டச்சும் கைவரும்; 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைச் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள்.

சில எச்சரிக்கைகளும் தேவை.

வாட்ஸ்அப் குழுவில் இதைச் செய்ய வேண்டாம். ஒருவர் எழுதுவதை எல்லோரும் படிப்பார்கள். பேசாத பிள்ளை அங்கேயும் பேசாது. மாணவியரின் தொலைபேசி எண் குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

வீட்டுக் கைப்பேசியை நம்பித் திட்டமிட வேண்டாம். பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவுதான் திரும்பும். அக்கா, தம்பி இருந்தால் அக்காவின் முறை கடைசியில்தான் வரும். பள்ளி நேரத்தில், பள்ளிக் கணினியில் எழுத வாய்ப்பில்லை என்றால் நோட்டே நல்லது. நோட்டும் இணையமும் சமம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

பெற்றோரிடம் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. தலைமையாசிரியருக்குத் தெரியாமல் எந்தக் கணக்கையும் தொடங்க வேண்டாம்.

என்ன எழுதச் சொல்வது?

'இன்று கற்றதைப் பற்றி எழுதுக' என்றால் பாடநூல் வரிகளே திரும்பி வரும். இணையத்தில் இருந்து அப்படியே எடுத்தும் ஒட்டிவிடுவார்கள். மாணவர் கண்ணால் பார்த்ததையோ மாணவர் நின்றுபோன இடத்தையோ கேட்டால் நகலெடுக்க வழியில்லை. சில எடுத்துக்காட்டுகள்:

கணக்கு: இந்தக் கணக்கில் எந்தப் படிவரை தடையில்லாமல் வந்தாய்? எங்கே நின்றாய்? ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஒன்றைப் பார்த்து வா. எத்தனை கற்களுக்கு ஒருமுறை பூவேலை திரும்ப வருகிறது? எப்படிக் கண்டுபிடித்தாய்?

அறிவியல்: உங்கள் ஊர் ஊருணிக்கு மழைநீர் எந்த வழியாக வருகிறது? அந்த வழியில் இப்போது என்ன இருக்கிறது? ஐயா, அப்பத்தாவிடம் கேட்டு எழுது.

சமூக அறிவியல்: நம் மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானையோடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. பானையில் பெயரைக் கீறியவர் எதற்காகக் கீறியிருப்பார்? உன் பொருள்களில் எதில் பெயர் எழுதி வைத்திருக்கிறாய், ஏன்?

தமிழ்: இந்தப் பாடத்தில் உன் வீட்டுப் பேச்சில் இல்லாத ஒரு சொல் எது? அதே பொருளுக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?

தொடக்க வகுப்புகளில் ஒரு படமும் ஒரு வாக்கியமும் போதும். எழுத வராத குழந்தை சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதலாம். குழந்தையின் வாக்கியத்துக்குக் கீழே, 'உங்க ஆட்டுக்குட்டிக்கு என்ன பேரு?' என்று ஆசிரியர் ஒரு வரி எழுதினால், அடுத்த நாள் அதைப் படித்துக் காட்டச் சொல்லி அந்தக் குழந்தை தானே வரும். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

நேரம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. 36 பேருக்கு ஒரே நாளில் பதில் எழுத முடியாது. வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்து, நாளுக்கு ஒரு குழு எழுதட்டும். நாளுக்கு ஏழெட்டுப் பேர். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் கால் மணி நேரம். எல்லாப் பாடத்துக்கும் எல்லா வகுப்புக்கும் தொடங்கிவிட வேண்டாம். ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பருவம் என்று தொடங்குங்கள்.

பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. 'நன்று', 'மிக நன்று' என்பவை பதில் ஆகா. அவற்றைப் படித்தபின் மாணவருக்கு மேலே எழுத ஒன்றும் இருக்காது. மாணவர் எழுதியதில் ஒன்றைத் தொட்டு ஒரு கேள்வி கேட்பதே பதில். வளரறி மதிப்பீட்டுக்கும் குறிப்பேட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மதிப்பெண் வந்துவிட்டால், 'பாடம் நன்றாகப் புரிந்தது' என்ற வாக்கியமும் திரும்பி வந்துவிடும்.

முதல் நாளே சொல்ல வேண்டியது

நம்பி எழுதத் தொடங்கிய பிள்ளை, ஒருநாள் பாடத்தைத் தாண்டியும் எழுதும். வீட்டில் அடி விழுவதை எழுதலாம். பள்ளியை நிறுத்தப் போகிறார்கள் என்றோ, கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றோ எழுதலாம். அதைவிடக் கொடிய ஒன்றையும் எழுதலாம். அதனால் குறிப்பேடு தொடங்கும் நாளிலேயே மாணவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: 'நீ எழுதுவதை மற்ற மாணவருக்குக் காட்ட மாட்டேன். ஆனால் உனக்கோ வேறு ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால், உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.'

இது வெறும் நல்லெண்ணம் அன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மாணவரே எழுதி வைக்கட்டும். அப்படி ஒன்றைப் படிக்க நேர்ந்தால், பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காமல், 'என்னிடம் சொன்னது நல்லது' என்று மட்டும் சொல்லி, அன்றே தலைமையாசிரியரோடு சேர்ந்து செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். வாரக்கணக்கில் பிரிக்காமல் கிடக்கும் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். படிக்க முடியாது என்றால் எழுதச் சொல்லவே கூடாது.

அடுத்த திங்கள் தொடங்க

ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த வகுப்பில் இந்த மாதம் முழுவதும் ஒருமுறையும் பேசாதவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது 19 பெயர்கள் வந்தன. அவர்களில் இருவரின் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு நினைவில்லை. அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கொடுங்கள். பதில் எழுதும்போது அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். பருவ முடிவில் அதே தாளை எடுத்து, வகுப்பில் பேசத் தொடங்கியவர்களின் பெயருக்கு எதிரே அவர்கள் கேட்ட முதல் கேள்வியை எழுதி வையுங்கள். என் தாளில் இன்னும் ஏழு பெயர்களுக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. அவர்கள் குறிப்பேட்டில் மட்டும்தான் எழுதுகிறார்கள். நானும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.